கைக்குக் கீழே ஒரு பால்காரி

ஆம்ஸ்டல்வீன்,
ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை, வழக்கம்போல.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். 'ஆபீஸ்லேருந்து வீடியோ கால் பேசுறப்ப உன் கைக்குக் கீழே ஒரு பொம்பளை படம் தெரியுதாமே, கோடிவீட்டு அத்தை பாத்துட்டு அம்மாகிட்ட சொல்லிட்டுப் போயிருக்கு. யாருடா அவ?' என்று கேட்டிருந்தாய். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் எதை ஆரம்பித்தாலும் அம்மா நடுவில் புகுந்து 'சாப்பிட்டியா' என்று கேட்கும். என்ன சாப்பிட்டேன் என்று சொன்னால், 'அதெல்லாம் ஒரு சாப்பாடா' என்று தொடங்கிவிடும். அதோடு விஷயம் காவிரிப் பாலம் தாண்டாது. அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. அடைப்புக்குறிக்குள் இருப்பதை மட்டும் மனசுக்குள் வாசித்துக்கொள்.

முதலில் அத்தையின் சந்தேகம். அவள் இந்த நாட்டுக்காரிதான். வயது முன்னூற்று அறுபதுக்கு மேல். மஞ்சள் ரவிக்கை, நீல ஏப்ரன், தலையில் வெள்ளைத் துணி. ஜாடியிலிருந்து மண்சட்டியில் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். என் மவுஸ் பேடில் அச்சடித்த படம், அவ்வளவுதான். டெல்ஃப்ட் என்ற ஊரில் வெர்மீர் என்று ஓர் ஓவியர் இருந்தார். 1632-ல் பிறந்து 1675-ல் செத்தவர். அவர் வரைந்த படத்தின் அசல் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் மியூசியத்தில் தொங்குகிறது. ஒன்றரை அடி உயரம் வந்தால் அதிகம். 2023-ல் இவருடைய படங்களில் 28-ஐ அங்கே ஒன்றாகச் சேர்த்து வைத்தார்கள். கதவு திறந்த சில நாளிலேயே மொத்த டிக்கெட்டும் காலி. வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பாஸ் கேட்டு மாமா வருஷா வருஷம் அலைவாரே, அப்படி நானும் அலைந்தேன். அவருக்குக் கிடைக்கிற அதே பலன்தான் எனக்கும். கூட்டமெல்லாம் ஓய்ந்தபிறகு ஒரு சாதாரண நாளில் போய்ப் பார்த்தேன்.

பேட் நான் வாங்கியது இல்லை. (அம்மா விலை கேட்டால் 'ஓசி' என்று சத்தமாகச் சொல்.) டிசம்பர் 5-ஆம் தேதி இங்கே சின்டர்கிளாஸ் கொண்டாடுகிறார்கள். ஆபீஸில் சீட்டுக் குலுக்கி, யார் பெயர் வருகிறதோ அவருக்கு ரகசியமாக ஒரு பரிசு வாங்க வேண்டும், கூடவே அவரைக் கேலி செய்து ஒரு பாட்டும் எழுதி வைக்க வேண்டும். என் பெயர் யாருக்கோ விழுந்திருக்கிறது. பாட்டில், நான் சைக்கிளிலிருந்து இறங்கத் தெரியாமல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றி எட்டு வரி. பரிசு, பால்காரி.

பால்காரி ஏன் என்றால், எங்கள் குடும்பத்துக்கு டெய்ரி பிசினஸ் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்து சீட் பெரியவர் 'எத்தனை மாடு?' என்றார். 'நாலு' என்றேன். இங்கே ஒரு பண்ணைக்கு நூறு மாடு என்பது சாதாரணம். ஆகவே அவர் தன் பாட்டுக்கு நாலுக்குப் பின்னால் சைபர்களைச் சேர்த்துக்கொண்டார். நான் தடுக்கவில்லை. அன்று முதல் ஆபீஸில் நான் ஒரு பெரிய பண்ணைக்காரர் மகன். (ஸ்ரீரங்கம் தீவு பூராவும் நம் மேய்ச்சல் நிலம் என்று ஒருத்தர் நினைத்துக்கொண்டிருக்கிறார். கோயில் இருக்கும் இடத்தை மட்டும் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.)

அம்மா போன வாரம் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 'அங்க எட்டே முக்காலுக்குத்தான் விடியுதுன்னா மாட்டை எப்பக் கறப்பாங்க?' மாட்டுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது. நிறையப் பண்ணைகளில் கறப்பது ரோபோ. 1992-லேயே இந்த நாட்டில் முதல் ரோபோ கறக்க ஆரம்பித்துவிட்டது. மாடு தானாக நடந்து போய்க் கூண்டுக்குள் நிற்கும். மெஷின் மடியைக் கழுவி, காம்பைத் தேடி மாட்டிக் கறந்து முடித்ததும் மாடு தானே வெளியே வந்துவிடும். 'கை படாம, கன்னுக்குட்டி முட்டாம மாடு எப்படிடா சுரக்கும்?' என்று அம்மா இப்போது கேட்டிருக்கும், தெரியும். சுரக்கிறதே! சுரந்து சுரந்து, சாணி ஜாஸ்தியாகிப்போய் அரசாங்கம் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறது. எவ்வளவு சாணி, எந்த வயலுக்குப் போனது என்று பண்ணைக்காரர்கள் கணக்கு எழுத வேண்டும். மாட்டைக் குறைக்கச் சொல்லி அரசாங்கம் பேச, அவர்கள் டிராக்டரை எடுத்துக்கொண்டு ரோட்டை மறிக்க, பெரிய கலாட்டா. வரட்டி தட்டத் தெரிந்த ஓர் ஆளை இங்கே அனுப்பினால் அமைச்சராக்கிவிடுவார்கள்.

இன்னொன்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு, நரைத்த தலையோடு மேனேஜர்கள் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் சாப்பிட்டுவிட்டு, கண்ணாடி டம்ளரில் பச்சைப்பால் குடிக்கிறார்கள். காய்ச்சாதது, சர்க்கரை போடாதது, ஜில்லென்று. சிலர் மோர் குடிக்கிறார்கள். உப்பில்லை, பெருங்காயமில்லை, கறிவேப்பிலையில்லை. நான் ஒருநாள் பையிலிருந்து உப்பை எடுத்துப் போட்டுக் கலக்கியதை ஒரு மேஜையே எழுந்து நின்று பார்த்தது.

இனி பேடின் கதை. அக்கா, இது கொஞ்சம் நீளம். அம்மாவை வெற்றிலை போட்டுக்கொள்ளச் சொல்.

எங்கள் ஆபீஸில் யாருக்கும் சொந்த மேஜை கிடையாது. காலையில் முதலில் வருகிறவன் பிடித்தது. சாயங்காலம் கிளம்பும்போது மேஜையில் ஒரு குண்டூசி இருக்கக் கூடாது, எல்லாம் லாக்கருக்குள் போக வேண்டும். இதற்கு ஒரு சட்டப் புத்தகம். மேஜையில் வைக்கக் கூடியவை: கம்ப்யூட்டர், கீபோர்டு, மவுஸ், ஹெட்போன். வைக்கக் கூடாதவை: குடும்ப போட்டோ, பூந்தொட்டி, பொம்மை, தின்பண்டம். மவுஸ் பேட் இரண்டு பட்டியலிலும் இல்லை.

கட்டிட நிர்வாகம் பார்க்கும் அம்மா வந்து நின்றார். 'இது கருவியா, அலங்காரமா?'

'கருவி.'

'படம் எதற்கு?'

'படத்தோடுதான் வந்தது.'

'படம் இல்லாவிட்டால் கருவி. படம் இருப்பதால்தான் கேள்வி வருகிறது.'

கேள்வி வந்துவிட்டால் இந்த நாட்டில் யாரும் தனியாக முடிவெடுக்க மாட்டார்கள். மீட்டிங் போட்டார்கள். காபி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். எடுத்தவுடன் டப்பாவை மூடிவிடுவார்கள், அதனால் பெரியதாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒருவர் பேடைத் திருப்பிப் போடலாமே என்றார். திருப்பிப் போட்டார்கள். அடிப்பக்கம் ரப்பர், மவுஸ் நகரவில்லை. இன்னொருவர், குடும்ப போட்டோவுக்குத்தானே தடை, இந்தப் பெண் குடும்பமா இல்லையா என்பதை முதலில் முடிவு செய்வோம் என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

'இவர் உங்களுக்கு உறவா?'

அத்தை கேட்ட அதே கேள்வி! நம் மூலத்தோப்பிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை மனித மனம் ஒன்றுதான். நான் யோசித்து, 'தொழில் வழியில்' என்றேன். குறித்துக்கொண்டார்கள்.

கடைசியில் அந்தக் கட்டிட அம்மாவே வழி கண்டுபிடித்தார். இந்தப் படம் நாட்டின் சொத்து. 1908-ல் பார்லிமெண்ட் வரை விவாதம் போய், விட்டால் அமெரிக்காக்காரன் வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து அரசாங்கமே வாங்கிய படம். நாட்டின் சொத்து என்றால் தனிப்பட்ட பொருள் ஆகாது. தனிப்பட்டது இல்லையென்றால் ஆபீஸ் பொருள். ஆபீஸ் பொருள் என்றால் நம்பர் ஒட்ட வேண்டும். ஒட்டினார்கள், பால்காரியின் நீல ஏப்ரன் மேல், பார்கோடோடு. நம்பர் ஒட்டியதால் இனி அதை வீட்டுக்கு எடுத்துப்போக எனக்கு உரிமை இல்லை. என் பரிசு அக்கா, எனக்கு வந்த பரிசு!

அதோடு விட்டார்களா? ஆபீஸ் பொருளால் ஊழியர் உடம்புக்குக் கேடு வரக் கூடாது என்று ஒரு சட்டம். அதற்கென்று ஒரு நிபுணர் வந்து, பெரிய பிளாஸ்டிக் கோணமானியை என் முழங்கையில் வைத்து அளந்தார். தொண்ணூறு டிகிரி வர வேண்டுமாம், எனக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் நான் வேலை செய்வதைப் பார்த்தவர், 'உங்கள் மவுஸ் ஏன் வலது மேல் மூலையை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை?' என்றார்.

என்ன சொல்வேன்? கீழே மேஜை நிறைய ரொட்டி. சாப்பாட்டுப் பொருள். நடுவில் பால். அதற்கு மேல் அவள் முகம். இதில் எதன்மேல் மவுஸை ஏற்றுவது? காலால் புத்தகத்தை மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வளர்ப்பு. மிச்சம் இருப்பது வலப்பக்கம் வெறும் சுவர். நான் அந்தச் சுவரிலேயே குடித்தனம் நடத்துகிறேன். நிபுணர் ரிப்போர்ட்டில் எழுதினார்: 'பண்பாட்டுக் காரணங்களால் ஊழியர் சுவரை மட்டும் பயன்படுத்துகிறார். பெரிய பேட் பரிந்துரைக்கப்படுகிறது.' பெரிய பேடுக்குப் புது மீட்டிங். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சுவரை உலகத்தில் என்னைப்போலத் தெரிந்தவன் இல்லை. உச்சியில் ஓர் ஆணி, அதற்கு ஒரு குட்டி நிழல். வேறு ஆணிகளைப் பிடுங்கிய ஓட்டைகள். வெள்ளையடித்தும் மறையாத கறை. நம் அடுப்படிச் சுவரேதான். முதலில் வெர்மீர் அந்தச் சுவரில் ஜாடிகள் தொங்கும் பலகை ஒன்றைத் தீட்டிவிட்டு, பிறகு அதன்மேல் பூசி வெறும் சுவராக்கிவிட்டாராம். 2022-ல் கருவி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். என் மவுஸ் ஓடத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். மவுஸுக்கு அடியில் ஒரு பொடிக் கேமரா இருக்கிறது. கீழே உள்ளதை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்துத்தான் அது எங்கே நகர்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. வெர்மீர் சுவரை அதிகம் படமெடுத்த ஆள் யார் என்று போட்டி வைத்தால் என் மவுஸை மியூசியத்துக்கு வந்த லட்சக்கணக்கான பேர் சேர்ந்தாலும் ஜெயிக்க முடியாது.

அம்மாவுக்கு ஒருநாள் போனிலேயே படத்தைக் கிட்டத்தில் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? படத்தைப் பற்றி இங்கே எத்தனையோ புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னது: 'இவ அளந்து ஊத்தல. கொசுறு ஊத்துறா.' நான் திரும்பப் பார்த்தேன். நூல் மாதிரி விழுகிற பால், சாய்த்த ஜாடியின் வாயில் தெரியும் இருட்டு, எவ்வளவு போதும் என்று கண் பார்த்துக்கொண்டிருக்க கை தானாக நிற்கப்போகும் அந்த நேரம். அளவு முடிந்த பிறகு ஊற்றுகிற கை அது. இங்கே விவரம் தெரிந்தவர்கள், காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் பாலில் ஊறவைத்து ஏதோ கஞ்சி கிண்டுகிறாள் என்கிறார்கள். அதுவும் சரிதான். அம்மா சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அவள் கட்டியிருக்கும் ஏப்ரனின் நீலம், ஆப்கானிஸ்தானில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துச் செய்தது. அந்தக் காலத்தில் யானை விலை. அடுப்படிக்காரிக்கு அதைப் பூசினவர் சாகும்போது பதினோரு பிள்ளைகளையும் கடனையும் விட்டுவிட்டுப் போனார். ரொட்டிக்கடைப் பாக்கி மட்டும் அறுநூறு கில்டருக்கு மேல். அவர் பெண்டாட்டி அதற்கு ஈடாக இரண்டு படங்களைக் கடைக்காரருக்குக் கொடுக்க வேண்டி வந்தது. ரொட்டியை அவ்வளவு அழகாக வரைந்தவருக்கு ரொட்டிக்கடன்! அம்மாவிடம் சொன்னபோது, 'நீலத்தைக் குறைச்சிருந்தா பாக்கி அடைஞ்சிருக்கும்' என்றது. உத்தர வீதியில் ஒரு வீட்டில் பால் பாக்கிக்குப் பழைய சுவர்க்கடிகாரத்தைத் தலையில் கட்டினார்களே, அது ஓடுகிறதா? (ஓடாது. ரொட்டிக்கடைக்காரருக்கு வந்த சரக்கு நமக்கு வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.)

வெர்மீர் இந்தப் படத்தை வரைந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1658-ல், இந்த ஊர்க் கம்பெனிக்காரர்கள் போர்ச்சுக்கீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். கடல் தாண்டி வந்து பிழைக்கிறவன் என்று என்னை யாரும் ஒரு மாதிரிப் பார்த்தால் இதைச் சொல்லலாம் என்று வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் பார்க்கவில்லை. மரியாதைக்கார ஜனங்கள், வாய்ப்பே தர மாட்டேன் என்கிறார்கள்.

ஒருநாள் ராத்திரி எனக்கு ஒரு ரோஷம் வந்தது. நம் ஊரில் வேலை செய்கிறவளை எவனும் வரையவில்லையா? ரங்கநாதர் கோயில் வேணுகோபாலன் சன்னதி வெளிச்சுவரை நினைத்துப் பார்த்தேன். ஒருத்தி கண்ணாடி பார்க்கிறாள், ஒருத்தி வீணை வாசிக்கிறாள், ஒருத்தி கிளியோடு பேசுகிறாள். எல்லாருக்கும் லீவு நாள். அப்புறம் தேடினால், நம் திருச்சிராப்பள்ளிக்காரர்களே வரைந்திருக்கிறார்கள். போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் காக்காப்பொன் தகட்டில், கண்ணாடி மாதிரி வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய தகட்டில், கையடக்கமாக. குயவர், நெசவாளர், நாவிதர், பல்லக்குத் தூக்குகிறவர் என்று தொழிலுக்கு ஒன்றாக. கன்டோன்மென்ட் துரைமார்கள் செட் செட்டாக வாங்கி ஊருக்கு எடுத்துப் போனார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் அவை இருக்கின்றன. 'திருச்சிராப்பள்ளி' என்று ஊர் பெயர் இருக்கிறது, வரைந்தவன் பெயர் பெரும்பாலும் இல்லை. போட்டோ வந்ததும் அந்தப் பிழைப்பு போய்விட்டது. வெர்மீருக்காவது பாக்கி வைத்த கடை எது என்று தெரிகிறது. நம் ஆளுக்கு அதுவும் இல்லை. இதை யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் அன்றைக்கு நாலு தோசை ஜாஸ்தியாகச் சாப்பிட்டேன்.

பால்காரியின் கையைப் பற்றிச் சொல்லவில்லையே. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருக்கிறாள். அதனால் மேலே வெளுப்பு. மணிக்கட்டுக்குக் கீழே வெயிலும் தண்ணீரும் பட்டுக் கன்றிப்போன சிவப்பு. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு. அம்மாவுக்கும் ரவிக்கைக் கை முடிகிற இடத்தில் அப்படி ஒரு கோடு உண்டு, மார்கழியானாலும் மறையாது. மியூசியத்தில் அசலுக்கு முன்னால் நின்றபோது நான் பார்த்தது அதைத்தான். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள், நகர்ந்தேன். (இதை வாசிக்காதே. வாசித்தால் அம்மா உடனே போனைப் போட்டு 'அழுதியா' என்று கேட்கும்.)

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். நான் ஒன்று கேட்கிறேன். போன தடவை பேசும்போது பாப்பா போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடியதே, அப்போது கொட்டகையில் வரிசையாக ஸ்கூட்டர் நின்றது. மாடு கட்டும் முளையில் ஒரு ஹெல்மெட். 'ஏகாதசிக் கூட்டத்துக்கு வண்டி நிறுத்த விட்டிருக்கோம்' என்று மாமா குரல் மட்டும் கேட்டது, முகம் வரவில்லை. ஏகாதசி முடிந்து தையும் பிறந்துவிட்டது. வண்டி இன்னும் எந்தப் பெருமாளைச் சேவித்துக்கொண்டிருக்கிறது? செவலை எங்கே? அந்தக் கருப்பு வெள்ளைக்காரி எங்கே? அவள் ஜாதியின் பூர்வீகம் இந்த நாடுதான், ஃப்ரீஸ்லாந்து என்று வடக்கே ஒரு மாகாணம். அவள் பங்காளிகளை ரயில் ஜன்னலில் பார்க்கும்போதெல்லாம் 'உங்க பொண்ணு எங்க வீட்ல சௌக்கியம்' என்று சொல்லிக்கொண்டு போகிறேன். இனி என்ன சொல்ல?

அம்மாவுக்கு முட்டி வலி, மூன்றரை மணிக்கு எழுந்து குந்த முடியவில்லை, அதனால் விற்றோம் என்றால் அப்படியே எழுது. நான் வருத்தப்பட மாட்டேன். விற்கச் சொல்லி முதலில் சொன்னவனே நான்தானே. இப்போது ஆவின் பாக்கெட் வாங்குகிறீர்களா? அம்மா அதில் காபி குடிக்கிறதா, இல்லை அதையும் உள்ளங்கையில் சொட்டு விட்டுப் பார்த்துவிட்டுத்தான் அடுப்பில் வைக்கிறதா? ஆபீஸில் மட்டும் நாலு மாடு அப்படியே இருக்கட்டும். பெரிய பேடுக்கான மீட்டிங்கில் அது தேவைப்படலாம்.

எவ்வளவுக்குப் போனது என்றும் எழுது. அம்மா நின்று பேசியிருந்தால் நியாயமான விலைக்குத்தான் போயிருக்கும். (மாமா பேசியிருந்தால் விலையை எழுதாதே.)

அன்புடன்,
உன் தம்பி